காளான் அறையின் கிழக்கு ஜன்னல்

என் மகள் மீஞ்சூரில் குடியிருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனதும் பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல்களைத் திறப்பதுதான் என் முதல் வேலை. கொசு வருகிறது என்று மருமகன் சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். மகள் சிரிப்பாள். அவள் ஏதாவது கதை சொல்லும்போது, என்ன சொல்கிறாள் என்பதற்கு முன்னால், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறாள் என்பதைத்தான் என் காது பிடிக்கிறது. இப்போது அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள், ஏறும்போதே பேசுகிறாள். ஆனால் அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு பங்குனியில், ஒரு வாரம் மூச்சுக்குத் திணறினாள். காரணம் நான் வீட்டுக்குள் வளர்த்த காளான். தெரியாமல் நடந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பாதி தெரியும். அந்தப் பாதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டில் ஒரு மீனவர் குப்பம். அங்கே நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிறந்தது பொன்னேரிப் பக்கம், நெல் விளையும் ஊரில். வேலைக்குப் போன இடத்திலேயே, ஏரியில் இறால் பிடிக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். என் வீட்டில் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. குப்பத்தில் என்னை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் புரியாமல், கடைசிவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். கோபம் வந்தாலும் 'டீச்சரு', ஆசை வந்தாலும் 'டீச்சரு'. குரலை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த மணலில் எதை நட்டாலும் உப்புக் காற்றில் கருகிவிடும். நான் வைத்த முருங்கை மூன்று முறை செத்தது. வயல்காட்டில் பிறந்தவளுக்குக் கையில் மண் ஒட்டாமல் இருப்பது பெரிய ஏக்கம். பொன்னேரியில் மூன்று நாள் காளான் வளர்ப்புப் பயிற்சி நடக்கிறது, மண்ணே வேண்டாமாம், அறைக்குள்ளேயே வளருமாம் என்று கேள்விப்பட்டதும், விடுமுறை நாட்களில் போய் உட்கார்ந்துவிட்டேன். சொல்லிக்கொடுத்தவர் இளவயதுக்காரர். நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட ஒரே ஆள் நான்தான் என்று பாராட்டினார். கம்பிக் கூடையில் காளான் வித்துப் புட்டிகளை வைத்து, மடியில் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன்.

அடுத்து வைக்கோல் வேண்டும். மாடே இல்லாத குப்பத்துக்கு, என் வீட்டுக்காரர் பழவேற்காட்டிலிருந்து படகு நிறைய வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தார். கரையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து படகைச் சுற்றிப் பார்த்தார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரி வரை மீன் விற்றுவிட்டு வருவார். என் மகளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டதெல்லாம் முக்கால்வாசி நாள் அவர்தான்.

நாங்கள் வலை போட்டு வைத்திருந்த பின்னறையை ஒழித்து, ஓலை இடுக்குகளையெல்லாம் அடைத்து, ஜன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டபோது அவர் வாசலில் நின்று கேட்டார்: "உண்மைய சொல்லு டீச்சரு. இவ்ளோ மூடி மூடி உள்ள இன்னா, கஞ்சாவா வளக்கப்போற?"

காளான் என்றேன்.

"கஞ்சான்னா முன்னாடியே சொல்லிடு. எங்க வூட்டுக்காரரு அப்பறம் ஏரிக்கே போவமாட்டாரு, உங்க வாசல்லயே குந்திக்குவாரு."

அந்தச் சிரிப்போடு அவரும் கூட்டுச் சேர்ந்துகொண்டார். நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவருக்கோ, புதிதாக எதைப் பார்த்தாலும் கையை விட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது.

காளானுக்கு மூன்று விஷயம் வேண்டும். சூடு அதிகம் இருக்கக்கூடாது. காற்றில் ஈரம் இருக்க வேண்டும். அந்தக் காற்று தேங்கி நிற்காமல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லும்போது சுலபம். ஆனால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று சண்டைக்கு நிற்கும். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் ஈரம் ஓடிப்போகும். ஈரத்துக்காக மூடினால் அறை வேகும். வேகிறதே என்று தண்ணீரைக் கொட்டினால் படுக்கை அழுகும். முதல் பதினைந்து இருபது நாள், பைக்குள் இருக்கும் வைக்கோலில் வெள்ளை நூல் மாதிரிப் பரவும்வரை, இருட்டும் மூடின அறையும் போதும். மொட்டு விட ஆரம்பித்ததும் காளானும் நம்மைப் போல மூச்சு விடும். பயிற்சியில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்போது தினமும் இரண்டு வேளையாவது ஜன்னல் திறந்தாக வேண்டும்.

முதல் தடவை எல்லாம் போயிற்று. வலைக்குச் சாயம் காய்ச்சின பெரிய அண்டா, நைலான் வலை வந்தபிறகு சும்மா கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி வைக்கோலை வேகவைத்தோம். ஆறவைத்துப் பிழிந்து, அடுக்கடுக்காக வித்துத் தூவிப் பைகளில் கட்டி உறியில் தொங்கவிட்டோம். நூல் நன்றாகத்தான் பரவியது. பிறகு ஒரு வாரத்தில் மஞ்சளாகி, ஊசிப்போன சோறு போல நாற்றம் அடித்தது. அக்காவைக் கேட்டேன். வேளை தவறாமல் சாக்கையும் பைகளையும் நனைத்தேன் என்றார். எந்தத் தண்ணீர் என்றேன். ஏரியைக் காட்டினார். குடிக்கும் தண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்ப வேண்டும். அந்தத் தண்ணீரைப் போய்ச் சாக்கில் ஊற்றுவார்களா? நனையணும்னு தானே சொன்னே, உப்பு கூடாதுன்னு எங்க சொன்னே என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நான் சொல்லவில்லைதான்.

இரண்டாவது தடவை நான் பள்ளிக்கூடத்து அறிவியல் பெட்டியிலிருந்து இரண்டு வெப்பமானிகளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றின் குமிழில் விளக்குத் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையை மைப்புட்டித் தண்ணீரில் விட்டேன். திரி சுற்றியது கீழே காட்டும், சுற்றாதது மேலே காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் காற்றில் ஈரம் இருக்கிறது, அதிகமானால் காய்ந்திருக்கிறது. இதை என் வீட்டுக்காரருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அடுக்களையில் போய் ஒரு வாளைக் கருவாட்டை எடுத்து வந்து என் வெப்பமானிகளுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

உப்புப் போட்ட கருவாடு ஈரக்காற்றில் துணி மாதிரித் துவளும், காய்ந்த காற்றில் குச்சி மாதிரி விறைக்கும். அங்கே எல்லா வீட்டிலும் காலையில் கருவாட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் இன்றைக்கு எதைக் காயப்போடலாம் என்று முடிவு செய்வார்கள். ஒரு வாரம் நான் வெப்பமானிக் குழாயைப் பார்த்தும் அவர் கருவாட்டைத் தொட்டும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தோம். ஒருநாளும் முரண்படவில்லை. என் மகள் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "நைனா ஜெயிச்சாரு" என்பாள். அவர் குழாய் பார்க்காமலே முதலில் சொல்லிவிடுவதால் அவளுக்கு அப்படி.

அந்த மார்கழியும் தையும் எங்கள் வீட்டில் நான் இருந்த மிக நல்ல மாதங்கள். காலையில் ஏரிப் பக்கமிருந்து வறண்ட காற்று வரும். அப்போது மேற்கு ஜன்னலை மூடி வைப்போம். பகல் ஏறினதும் கடற்காற்று திரும்பும். உடனே கிழக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும். ஈக்கள் வராமலிருக்கப் பொடிக்கண் இறால் வலையை இரட்டையாக மடித்து அதில் கட்டியிருந்தோம். தரையில் ஈர மணல் பரப்பி, சுவரோரம் பழைய பருத்தி வலைகளை ஊற்றுத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டோம். கடற்காற்று அந்த வலைகளுக்குள் நுழைந்து வரும்போது அறை மண்பானை மாதிரிச் சில்லென்று இருக்கும். என் வீட்டுக்காரர் பவுடர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு மகளுக்கு ஒரு பூவாளி செய்து கொடுத்தார். அவள் ஒவ்வொரு பைக்கும் "குளிச்சிக்கோ, குளிச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டே தெளிப்பாள். பைகளைக் கீறிவிட்ட மூன்றாம் நாள் சின்னச் சின்னக் காது மாதிரி மொட்டுகள் வந்தன. அக்கா ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடற்சிப்பி மாதிரியே கீதே, இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது என்று ஆச்சரியப்பட்டார். குழம்பில் போட்டதும் இறாலைவிட மட்டம்தான் என்றார். ஆனால் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

விளைந்ததைப் பங்கு போடும் பேச்சு அப்போதுதான் வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அதையும் பாடு மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பாடு என்றால் என்ன என்று இங்கே சொல்ல வேண்டும். ஏரியில் இறால் வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இறால் கொடுக்காது. அதனால் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். உங்கள் பாடு வந்த அன்று அந்த இடம் உங்களுடையது. காய்ச்சலில் படுத்து நீங்கள் வராவிட்டாலும் வேறொருவர் அங்கே கை நனைக்கமாட்டார். இறால் கண்ணெதிரே துள்ளினாலும் படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஊரில் எத்தனையோ சண்டை வரும். பாட்டை மீறினதாக மட்டும் யார் பெயரும் வராது. வந்தால் அந்தப் பெயர் பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

ஆறு உறி இருந்தது, உறிக்கு மூன்று பை. ஓலைத் துண்டுகளில் கோடு கிழித்து மகளை எடுக்கச் சொன்னோம். ஜன்னலோரத்து மூன்று எங்களுக்கு, உள்சுவரை ஒட்டின மூன்று அக்காவுக்கு என்று வந்தது. தண்ணீர் தெளிப்பதும் ஜன்னலும் பொது. அறுப்பது மட்டும் அவரவர் உறியை அவரவர்தான். அந்த உள்சுவர் என் தோள் உயரம்தான் இருக்கும். அதற்கு மேலே கூரைவரை திறந்த வெளி. சுவருக்கு இந்தப் பக்கம்தான் மகள் பாய் போட்டுத் தூங்குவாள்.

மாசியிலேயே அவளுக்குச் சாயங்காலங்களில் இருமல் இருந்தது. ஈரத்தில் விளையாடுகிறாள், சளி பிடித்திருக்கிறது என்று துளசி காய்ச்சிக் கொடுத்தேன்.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறியது. அந்த வாரம் அக்காவுக்கு எளாவூரிலிருந்து ஆள் வந்தது. அவர் தங்கை மகளுக்குப் பிரசவ வலி. இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று கிளம்பினார். அங்கே சிக்கலாகி ஒன்பது நாள் இருக்கும்படி ஆயிற்று.

அவர் போன மூன்றாம் நாள் அவருடைய உறிகளில் காளான் முற்றிவிட்டது. கிண்ணம் மாதிரிக் குவிந்திருந்தது தட்டு மாதிரி விரிந்து, ஓரம் மேலே சுருண்டது. என் நோட்டில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: ஓரம் விரிவதற்கு முன் அறுக்க வேண்டும், விரிந்தால் வெள்ளைத் தூள் பறக்கும், அறுக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். ஏன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டு எழுதவில்லை. ஆனால் எழுதியிருந்தேன். கத்தியை எடுத்துக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்காரர் வலை பின்னிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அது அக்கா பாடு, டீச்சரு."

"முத்திப்போச்சுங்க. ஓரமெல்லாம் சுருண்டுகிச்சு."

"முத்துனா முத்தட்டும். அவங்க வந்து பாத்துக்குவாங்க. நீ கைய வெச்சினா நாளைக்கி ஊர்ல இன்னா பேசுவாங்க? வெளியூர்க்காரிக்குப் பாடு இன்னான்னு தெரியலன்னு பேசுவாங்க."

அவர் அதட்டவில்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னார். பத்து வருஷமாக அந்தக் குப்பத்தில் வெளியூர்க்காரி என்று யாரும் என்னைச் சொல்லிவிடக்கூடாது என்று நான் பட்ட கவலை அவருக்குத் தெரியும். கத்தியைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தேன். இருபது வருஷத்துக்குப் பக்கமாக நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த இடத்தில்தான். கையில் கத்தி இருந்தது, நோட்டில் எழுத்து இருந்தது.

அதற்கு மறுநாள் மேல்காற்று அனலாக வீச ஆரம்பித்தது. கடற்காற்று மூன்று மணிக்கு மேல்தான் எட்டிப் பார்த்தது. கருவாடு விறைத்துக்கொண்டது, என் குழாய்கள் இரண்டும் எட்டுப் பாகை விலகி நின்றன. எங்கள் உறியில் அடுத்த மொட்டு வரும் சமயம். காய்ந்துவிடப் போகிறதே என்று இரண்டு ஜன்னலையும் மூடிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். அந்த அறையில் காற்றுப் போக இருந்த ஒரே வழி உள்சுவருக்கு மேலே, மகள் பக்கம்.

அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல். மறுநாள் பேசும்போது பாதி வார்த்தையில் நின்றாள். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. "அம்மா, நெஞ்சுல மணல் கீது" என்றாள். அனல் காற்று படக்கூடாது என்று அவளை வெளியே விடாமல் உள்ளேயே, அவள் இடத்திலேயே, படுக்கவைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் படகில் அவளைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரரிடம் இறால் வாங்கும் வியாபாரி பாய் ஐஸ் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டுத் தன் வேனிலேயே எங்களைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் அவர் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். டாக்டர் ஊசி போட்டார். வீட்டில் மாடு, கோழி, வைக்கோல்போர் ஏதாவது உண்டா என்று கேட்டார். நாங்கள் மீன் பிடிக்கிறவர்கள், மாடு கிடையாது என்று சொன்னேன். வைக்கோலும் கேட்டாரே என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லையா, பள்ளிக்கூட டீச்சர் வீட்டுக்குள் வைக்கோல் கட்டித் தொங்கவிட்டிருப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தேறிவிட்டாள். பக்கத்துக் கட்டில் கிழவரிடம் இறால் எப்படித் துள்ளும் என்று துள்ளிக் காட்டினாள். வீட்டுக்கு வந்து நாலு மணி நேரத்தில் மறுபடியும் அதே இழுப்பு. மருந்தைக் கொடுத்துப் பார்த்தோம். அந்த இரவும் மறுநாளும் எப்படிப் போயின என்று எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்கடுத்த நாள் காலையில் உதடு நிறம் மாறியிருந்தது. மறுபடியும் படகு.

நான் அவளை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். திட்டு பின்னால் சின்னதாகி, நாலு பக்கமும் தண்ணீரான இடத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, தூரத்தில் நிற்கும் நாரைகளைக் காட்டி ஏதோ சொன்னாள். முழு வாக்கியமாகச் சொன்னாள்.

அவர் கோலை ஊன்றினபடியே நின்றுவிட்டார்.

"போன தபாவும் இங்கதான் புள்ள ஏந்து குந்துச்சு" என்றார். "ஊசியால தேறுச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தோம். ஊசி அப்பறம்தானே போட்டாங்க?"

நான் அவரையே பார்த்தேன்.

"காலையில கருவாட்டத் தொட்டேன். கையெல்லாம் மாவு மாதிரி வெள்ளையா ஒட்டிச்சு. அக்கா உறியில இருந்து பறக்குது. கொட்டிக்கினே கீது, டீச்சரு. அத்ததான் புள்ள இழுத்துக்கினு கீது."

மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று என் கையெழுத்து எனக்கு அப்போது கண்ணுக்கு எதிரே தெரிந்தது. அவரிடம் சொன்னேன். நோட்டில் இருந்தது, எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அறுக்காதே என்று சொன்னது தானென்று அவரும் நினைத்திருப்பார். குழந்தை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய உதடு மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. அதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றோம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் திரும்பி அதே வீட்டுக்குத்தானே வரவேண்டும்? அவர் படகைத் திருப்பினார்.

ஆனால் கரை தட்டவில்லை. இடுப்பளவு ஆழத்தில், தூள் எங்கள் பக்கம் பறந்து வராதபடி, வீட்டுக்குக் காற்று வரும் பக்கமாகப் பார்த்துக் கோலை ஆழ ஊன்றிப் படகைக் கட்டினார். அக்கா அன்று விடிந்ததும்தான் எளாவூரிலிருந்து திரும்பியிருந்தார். பிள்ளையைப் படகில் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டு, கூடையைக்கூட இறக்காமல் கரைக்கு ஓடி வந்திருந்தார். நாங்கள் ஏன் கரை ஏறாமல் நிற்கிறோம் என்று புரியாமல் கையை ஆட்டினார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"அக்கா, உங்க உறி மூணையும் அறுத்து எறியணும். அதுல இருந்து பறக்கற தூள்தான் புள்ளைக்கு ஆவல."

"எப்போ இருந்து?"

"நீங்க போன மூணாம் நாள்ல இருந்து முத்தி நிக்குது."

"அறுக்கறதுதானே?"

"உங்க பாடு ஆச்சேன்னு விட்டுட்டோம்."

அக்கா கூடையை மணலில் போட்டார். ஊரே கேட்கும்படி எங்களைத் திட்டினார். என்னை ஒரு பங்கு, என் வீட்டுக்காரரை மூன்று பங்கு. அவர் சொன்ன எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. கடைசியில் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "பாடுன்றது ஒருத்தன் வயித்துல ஒருத்தன் அடிக்காம இருக்கறதுக்கு வெச்சதுடா. வைக்கோல்ல மொளச்சதுக்கு இன்னாடா பாடு? நான் தலை பின்னிவுடற புள்ளடா அது."

பிறகு முந்தானையைக் கிழித்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். இன்னும் நாலைந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். படகிலிருந்து எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. முதலில் இரண்டு ஜன்னல் சாக்கும் பறந்து வெளியே விழுந்தன. எங்கள் உறியா அக்கா உறியா என்று பார்க்காமல் பதினெட்டுப் பையும் வெளியே வந்தன. அவற்றைச் சாக்கில் போட்டுக் கட்டி, கடற்கரைப் பக்கம் இழுத்துப்போய் மணலில் புதைத்தார்கள். அப்புறமும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. ஏணி வைத்து ஏறி, அந்த அறையின் கூரை ஓலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட ஆரம்பித்தார். கட்டினவர் என் வீட்டுக்காரர். பார்த்துக்கொண்டே நின்றவர், "நல்லா இழு, அந்த மூலையில முடிச்சு கீது" என்று இங்கிருந்தே சொன்னார்.

கூரை போனதும் அறைக்குள் வெயில் நேராக இறங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சுவரைக் கழுவினார்கள். ஏரித் தண்ணீர்தான். இனிமேல் எதுவானால் என்ன.

கடற்காற்று அன்று சீக்கிரமே வந்தது. நாங்கள் படகிலேயே இருந்தோம். என் புடவைத் தலைப்பைப் பிடித்து மகளுக்கு நிழல் செய்தேன். என் கை அவள் முதுகில் இருந்தது. ஏறுவதையும் இறங்குவதையும் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. நடு மதியத்துக்கு மேல், வெகு சாதாரணமாக, "பசிக்குது" என்றாள். இரண்டு நாளாக அவள் சோறு கேட்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரைக்குக் கையைக் காட்டிச் சாப்பிடுவதைப் போல ஜாடை செய்தார்.

அக்கா தூக்குப் போணியில் சோறு எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பாதி வழியில் நின்று, தன் கையையும் புடவையையும் பார்த்தார். போணியைப் பக்கத்தில் வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு தலை முழுகினார். எழுந்து தலைமுடியைப் பிரித்து உதறி, மறுபடியும் முழுகினார். மூன்றாவது முறை எழுந்தபோது மகள் சிரித்துவிட்டாள். சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தாள். ஈரம் சொட்டச் சொட்ட வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அக்கா தன் கையாலேயே அவளுக்கு ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் காதை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார். மீன் குழம்புச் சோறு முழுவதையும் தின்றாள்.

நிழல் நீண்டதும், போகலாம், வீடு காய்ந்துவிட்டது என்று கரையிலிருந்து சொன்னார்கள். குழந்தை என் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாத மூச்சு. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே நிக்கலாமா, டீச்சரு?"

நிக்கலாம் என்றேன். காற்று படகைக் கோலைச் சுற்றி மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கவில்லை.